தேதி பார்த்துச் சொல்லும் வேலை

துபாய் விசிட் விசாத் தாளில் இரண்டு கணக்குகள் இருக்கும். விசா வெளியான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஒன்று. வந்து இறங்கிய நாளிலிருந்து இத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. முதல் கணக்கு தேதியாகவே அச்சாகியிருக்கும். இரண்டாவது 30 அல்லது 60 என்று வெறும் எண்ணாக நிற்கும். காத்மாண்டிலிருந்து வந்து இறங்குகிற பையன் தேதியைத்தான் பார்ப்பான். நுழைவதற்குக் கொடுத்த அறுபது நாளைத் தங்குவதற்குக் கொடுத்ததாக எண்ணிக்கொண்டு, முப்பது நாள் விசாவை வைத்துக்கொண்டு, ஒன்றரை மாதம் கழித்துக் கடைக்கு வருவான். "தாஜு, இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போதே நீட்டித்துவிடலாமா?" என்பான். கணினியில் பார்த்தால் நாள் கணக்கில் அபராதம் ஏறிக் கிடக்கும்.

தேராவில் நைஃப் பக்கம் இருந்த ஒரு டைப்பிங் சென்டரில் 2003இல் வேலைக்குச் சேர்ந்தேன். அரபுத் தட்டச்சு தெரிந்திருந்ததால் கிடைத்த வேலை. அப்போது விண்ணப்பம் என்றால் அரபியில் அடித்த தாள். அதை எடுத்துக்கொண்டு குடிவரவுத் துறை வரிசையில் போய் நிற்க வேண்டும். பிறகு எல்லாம் இணையத்துக்குள் போனது. விசாவுக்கு ஆமர் சென்டர், தொழிலாளர் துறைக்குத் தஷீல் சென்டர் என்று பிரிந்தது. எங்கள் தெருவைச் சுற்றி நேபாளிகளின் மோமோ கடைகள், கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் பெட்ஸ்பேஸ் அறைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள். அவர்களுக்கும் எனக்கும் பொது மொழி இந்தி. இருவருக்கும் அது தாய்மொழி இல்லை, ஆனாலும் வேலை நடந்தது. அவர்கள் என்னைத் தாஜு என்பார்கள், அண்ணன். நான் பாய் என்பேன். நேபாளியில் அது தம்பி.

அவர்களுடைய நாள்காட்டி விக்ரம் சம்வத். ஆங்கில ஆண்டுக்கு ஏறக்குறைய 57 ஆண்டு முன்னால் ஓடுகிறது. குடியுரிமைச் சான்றான நாகரிக்தாவில் பிறந்த தேதி அந்தக் கணக்கில் இருக்கும், பாஸ்போர்ட்டில் ஆங்கிலக் கணக்கில் இருக்கும். விசா எப்போது முடிகிறது என்று கேட்டால், வீட்டுக்குச் சொல்லி வைத்த சம்வத் தேதியைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வசதி இருந்தது. அவர்களுடைய ஆண்டும் நம் சித்திரை முதல் தேதியை ஒட்டியே பிறக்கிறது. அவர்களுக்கும் சூரியனை வைத்துத்தான் மாதம். பெயர் மட்டும் ஒன்று தள்ளிப் போகும். நம் சித்திரை அவர்களுக்கு வைசாகம், நம் ஐப்பசி அவர்களுக்குக் கார்த்திக், நம் கார்த்திகை அவர்களுக்கு மங்சிர். ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒருவர் மங்சிர் 12 என்றால் கார்த்திகை 12ஐப் புரட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அதைப் பிறகு சரிபார்த்துக்கொள்வேன். பாஸ்போர்ட் நகலின் மேல் சிவப்பு மையில் இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுப்பது என் பழக்கமானது. ஆங்கிலத் தேதி அரசாங்கத்துக்கு, சம்வத் தேதி அவனுக்கு.

தேதிக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ஃபைல் நம்பர். அதன் முதல் மூன்று இலக்கம் 201 என்றால் துபாய் கொடுத்த விசா, 101 என்றால் அபுதாபி, 301 என்றால் ஷார்ஜா. துபாய் தன் குடிவரவுக் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. மற்ற அமீரகங்கள் மத்திய ஆணையத்தின் கணக்கில் வருகின்றன. ஷார்ஜா விசாவைத் துபாய்த் தளத்தில் தேடினால் ஒன்றும் வராது. ஒன்றும் வராததை அபராதம் இல்லை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசாவை எடுத்துக் கொடுத்த ஏஜென்சி எந்த அமீரகத்தில் இருக்கிறது என்பது காத்மாண்டில் பணம் கட்டியவனுக்குத் தெரிந்திருப்பதில்லை. தங்குவது தேராவில் என்பதால் விசாவும் துபாயுடையது என்று நினைப்பான்.

நீட்டிப்பு விதி நான் வேலை பார்த்த காலத்துக்குள் பலமுறை மாறியது. தொடக்கத்தில் நாட்டை விட்டு வெளியே போய் புது விசாவில் திரும்பி வருவதுதான் பெரும்பாலோருக்கு வழி. 2018 அக்டோபரிலிருந்து வெளியே போகாமலே இரண்டு முறை, முறைக்கு 30 நாள் வீதம் நீட்டிக்கலாம் என்று வந்தது. அரசுக் கட்டணம் ஒரு முறைக்கு 600 திர்ஹம். 2022 அக்டோபரில் எல்லா விசாக்களுக்கும் சேர்த்துப் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன் விசிட் விசா முடிந்து தங்கினால் முதல் நாளுக்கு 200, அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 100 திர்ஹம் அபராதம். அது நாளுக்கு 50 என்று ஒரே அளவானது. ஆனால் விசா முடிந்த பின் கிடைத்துவந்த பத்து நாள் சலுகை 2023இல் போய்விட்டது. மூன்று மாத விசாவை நிறுத்தினார்கள், மறுபடி கொடுத்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். நீட்டித்து நீட்டித்துத் தங்கினாலும் மொத்தம் 120 நாளுக்கு மேல் போக முடியாது. இவ்வளவையும் ஒரு நேபாளிக்குச் சொல்லும்போது, போன வருடம் அவன் அண்ணனுக்கு நடந்தது வேறாக இருந்திருக்கும். அண்ணன் சொன்னதைத்தான் அவன் நம்புவான். அதில் தவறில்லை, அந்த ஊரில் அவனுக்கு அண்ணனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

நீட்டிப்பு எல்லாமே துயரமில்லை. பொக்ராவிலிருந்து ஓர் அம்மா மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தார். மருமகன் ஒரு ஓட்டலில் சமையல்காரர், குடும்ப விசா உள்ளவர். அறுபது நாள் விசா. குழந்தை சொன்ன தேதிக்குப் பிறகுதான் பிறந்தது. விசா முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே மருமகன் அவரைக் கடைக்கு அழைத்து வந்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருந்தது; ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் பதிவாகியிருக்கும். தசைன் பண்டிகைக்கு ஊரில் இருக்க வேண்டும், மூத்த மகன் நெற்றியில் டீகா வைக்க ஆளில்லை என்று அந்த அம்மாவுக்குக் கவலை. பேரக் குழந்தையை விட்டுப் போகவும் மனமில்லை. நாட்களை எண்ணி, முப்பது நாள் நீட்டித்தாலும் தசைனுக்கு முன்பே போய்விடலாம் என்று காட்டினேன். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லும், டிக்கெட்டைத் தேதி மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் சரி. வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் மருமகன் ஒரு டப்பா நிறைய சேல் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். விசிட் விசா என்பது இவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. நேரத்தோடு வந்தால் இவ்வளவு எளிதாக முடிகிற காரியம் இது.

ஆனால் என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பேரனைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. வேலை தேடி வந்தவர்கள். நேபாளச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புத் துறையிடம் சிரம ஸ்வீக்ருதி என்ற தொழில் அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்கு விசாவும் டிக்கெட்டும் முதலாளி செலவு, ஏஜென்சி 10,000 நேபாள ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2015இல் விதி வந்தது. 2019 ஜூனில் ஜெனீவாவில் நேபாளமும் ஐக்கிய அரபு அமீரகமும் போட்ட ஒப்பந்தமும் அதே வழியில்தான் போகிறது. காகிதத்தில் நல்ல விதிகள். ஆனால் அனுமதி பெற்றுப் போகும் அந்த வழி நீளமானது, வேலை கைக்கு வர மாதங்கள் ஆகும். விசிட் விசா சில நாளில் கிடைத்துவிடும். ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் சாகுவிடம் கடன் வாங்கி, ஏஜென்ட் கையில் கொடுத்து, சுற்றுலாப் பயணியாக விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று முதன்முதலில் ஒருவன் சொன்னபோது எங்கள் ஊர் மூணு வட்டி நினைவுக்கு வந்தது. கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆகவே நீட்டிப்புக்கு வருகிறவனிடம் நான் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை இல்லை. எதற்கு நீட்டிக்கிறாய் என்பதை. கையில் ஆஃபர் லெட்டர் இருக்கிறதா? அதில் தொழிலாளர் அமைச்சகத்தின் எண் இருக்கிறதா? இருந்தால் நானே தளத்தில் போட்டுப் பார்ப்பேன். ஏஜென்சிக் கட்டணமும் சேர்ந்தால் ஒரு நீட்டிப்பு, துப்புரவு வேலைக்காரர் ஒருவரின் மாதச் சம்பளத்தை நெருங்கும். அதையும் மூணு வட்டிக்கு வாங்கி வாங்கும் முப்பது நாள், என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கக் கூடாத நாட்கள்.

தாதிங் மாவட்டத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு உணவகத்தில் ட்ரையல் என்று சொல்லி மூன்று வாரமாகப் பாத்திரம் கழுவ வைத்திருந்தார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. "விசாவை நீ நீட்டித்துக்கொண்டு வா, அடுத்த மாதம் கம்பெனி விசா போடுகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அவன் காட்டிய ஆஃபர் லெட்டரில் அமைச்சக எண் இல்லை. கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தது. "பாய், இது லெட்டர் இல்லை. விசிட் விசாவில் வேலை பார்ப்பதே குற்றம். பிடித்தால் அவர்களுக்கு அபராதம், உனக்கு ஊருக்கு அனுப்பும் தண்டனை" என்றேன். 2024இல் அந்த அபராதத்தை முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹத்திலிருந்து 10 லட்சம் வரை என்று உயர்த்தியிருந்தார்கள். அவன் ரிட்டர்ன் டிக்கெட் இன்னும் உயிரோடு இருந்தது. போய்விடு, ஊரில் அனுமதி வாங்கிக்கொண்டு முறையாக வா என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வெறுங்கையோடு எப்படிப் போவேன் தாஜு?" என்று மட்டும் கேட்டான். அடுத்த தெருவில் வேறொரு கடையில் நீட்டித்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீட்டிய முப்பது நாளும் முடிந்தபின் உணவகத்துக்கு வேறு ஒரு பையன் வந்துவிட்டான். இவன் என்னிடம் திரும்பி வந்தபோது அபராதம் மட்டுமில்லை, விசா கொடுத்த ஏஜென்சி இவன் மேல் அப்ஸ்காண்டிங் போட்டிருந்தது. அதாவது தலைமறைவு என்று புகார். விசிட் விசாவுக்கு ஏஜென்சிதான் ஸ்பான்சர்; ஆள் தங்கிவிட்டால் இழப்பு அவர்கள் தலையில் விழும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். அதை நீக்கப் பணம், அபராதத்துக்குப் பணம், வெளியேறும் பர்மிட்டுக்குப் பணம். அவன் அறையில் இருந்த ஊர்க்காரர்கள் தலைக்குக் கொஞ்சம் போட்டு அவனை அனுப்பி வைத்தார்கள்.

புது விசா வேண்டுமென்றால் வெளியே போய் வரலாம் என்றேன் அல்லவா? அதில் நேபாளிக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை மற்ற நாட்டவர் எளிதில் உணர்வதில்லை. எங்கள் ஊர்ப் பையன் விசா முடிந்தால் திருச்சிக்குப் போவான், அம்மா கையால் இரண்டு வாரம் சாப்பிடுவான், புது விசா வந்ததும் கிளம்பி வருவான். நேபாளி காத்மாண்டுக்குப் போனால் திரிபுவன் விமான நிலையத்தின் குடிவரவுக் கவுன்டரை இன்னொரு முறை தாண்ட வேண்டும். விசிட் விசாவில் வளைகுடாவுக்குப் போகிறவரை அங்கே துருவித் துருவிக் கேட்பார்கள்: யாரைப் பார்க்கப் போகிறாய், உறவுச் சான்று எங்கே, ஓட்டல் பதிவு எங்கே, கையில் எவ்வளவு டாலர். ஆள் கடத்தலைத் தடுக்கத்தான் இந்தக் கேள்விகள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேள்வி இருக்கும் இடத்தில் தரகரும் வந்துவிடுகிறார். காத்மாண்டில் அதற்கு செட்டிங் என்று பெயர். 2025 மே மாதம் நேபாளத்தின் ஊழல் ஒழிப்பு ஆணையம் அந்த விமான நிலையக் குடிவரவு அலுவலகத்துக்குள் புகுந்து சோதனை போட்டது. விசிட் விசாப் பணம் நாடாளுமன்றம் வரை பேச்சானது. பெண்களுக்கு இன்னும் கடினம். 40 வயதுக்குட்பட்ட பெண் முதல்முறை தனியாக வளைகுடாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போவதானால் குடும்பத்தின் சம்மதமும் வார்டு அலுவலகத்தின் கடிதமும் வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் ஒரு முன்மொழிவு வந்தபோது காத்மாண்டுப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

அதனால் நேபாளி ஊருக்குப் போகாமல் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்ப வழி தேடுவான். நான் சேர்ந்த காலத்தில் அது ஈரானின் கீஷ் தீவு. அங்கே போக விசா வேண்டாம், இரண்டு வாரம் இருக்கலாம். புது விசாவின் நகல் வரும்வரை மலிவான விடுதிகளில் பல நாட்டவரும் காத்துக் கிடப்பார்கள். 2004 பிப்ரவரி 10 அன்று கீஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் இறங்கும்போது விழுந்து 43 பேர் இறந்தார்கள். அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த வழியில் தெரிந்தவர் யாராவது போயிருக்கிறார்களா என்றே கேட்டார்கள். பிற்பாடு ஏர்போர்ட் டு ஏர்போர்ட் என்று ஒரு முறை வந்தது. மஸ்கட் போன்ற ஊருக்குப் பறந்து, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல், புது விசா வந்ததும் திரும்புவது. விசா ஒரே நாளில் வந்தால் நல்லது. பெயர் பொருத்தத்தில் தடங்கல் வந்தால் அங்கேயே நாற்காலியில் இரவைக் கழிக்க வேண்டும். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான பகதூர்கள் இருக்கும் நாட்டவர்க்கு அந்தத் தடங்கல் அடிக்கடி வந்தது.

2020ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. மார்ச் 22 முதல் நேபாளம் பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. மாத இறுதியில் எங்களுக்குப் பக்கத்து அல் ராஸ் பகுதியை முழுதாக அடைத்தார்கள். கடை மூடப்பட்டது; என் தொலைபேசி மட்டும் திறந்திருந்தது. மார்ச் 1க்குப் பிறகு முடிந்த விசாக்கள் ஆண்டு இறுதிவரை செல்லும் என்று ஏப்ரலில் அமீரகம் அறிவித்தபோது பையன்களுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. வேலை இல்லை, சாப்பாடு நேபாளி உணவகங்களும் சங்கங்களும் கொடுப்பது, ஆனாலும் அபராதம் ஏறவில்லை. ஜூன் முதல் வாரத்தில்தான் நேபாளம் தன் மக்களைத் திரும்ப அழைக்கும் விமானங்களை விட்டது. தூதரகத்தில் பெயர் பதிய வேண்டும், பட்டியலில் பெயர் வர வேண்டும், டிக்கெட்டுக்குப் பணமும் வேண்டும்.

ஜூலையில் அந்த ஆண்டு இறுதிச் சலுகையை அமீரகம் திரும்பப் பெற்றது. விசிட் விசாக்காரர்களுக்கு ஜூலை 12 முதல் ஒரு மாதம். அதற்குள் வெளியேறலாம் அல்லது விசாவை மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரல் செய்தியை வீடியோவாகப் பரப்பியவர்கள் ஜூலைச் செய்தியை அப்படிப் பரப்பவில்லை. ஊருக்கு வழக்கமான விமானம் இல்லை. இங்கே நாள் ஓடுகிறது. கடையில் தேநீர் போடும் நேபாளித் தம்பியை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல நேபாளியில் எழுதச் சொன்னேன். ஆகஸ்ட் 11 என்ற தேதியும் அதன் சம்வத் தேதியும் பெரிய எழுத்தில். அதை நகலெடுத்து மோமோ கடை, பணம் அனுப்பும் கடை, பெட்ஸ்பேஸ் கட்டடங்களின் லிஃப்ட் எல்லாவற்றிலும் ஒட்டினோம். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் தெருமுனைவரை இடைவெளி விட்டு நின்றார்கள். பிறகு அந்தக் கெடு ஒரு மாதம் தள்ளிப் போனது. செப்டம்பர் முதல் காத்மாண்டுக்கு வழக்கமான விமானங்கள் மெல்லத் தொடங்கின. ஆனால் ஆகஸ்ட் 11 கடைசி என்று நம்பிக் கடன் வாங்கி நீட்டித்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வரவில்லை. தேதியை மாற்றும் ஒவ்வொரு அறிவிப்பும் முந்தைய தேதியை நம்பிச் செலவு செய்தவனுக்கு என்ன செய்யப் போகிறது என்பதை அரசாங்கங்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அமீரகத்துக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுமன்னிப்புக் கொடுக்கும். 2018இல் கொடுத்தார்கள், வேலை தேட ஆறு மாத விசாவும் சேர்ந்து. 2024 செப்டம்பர் 1இல் தொடங்கி அக்டோபரோடு முடிய வேண்டியதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அபராதம் முழுதும் தள்ளுபடி, திரும்பி வரத் தடை இல்லை. துபாயில் அல் அவீர் கூடாரங்களிலும் ஆமர் சென்டர்களிலும் வேலை நடந்தது. பல வருடம் பாஸ்போர்ட் காலாவதியாகி வெளியே முகம் காட்டாமல் இருந்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முதலில் அபுதாபியிலுள்ள நேபாளத் தூதரகத்தில் பயண ஆவணம் வேண்டும், பிறகுதான் இங்கே நாட்டை விட்டு வெளியேற அவுட்பாஸ். எந்தப் பேருந்து, எந்த நாள் போவது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம்.

வேறு நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்காகவும் கேட்பார்கள். தாய்லாந்தில் சுற்றுலா விசாவை 1,900 பாத் கட்டி 30 நாள் நீட்டிக்கலாம். தாண்டினால் நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000. அமெரிக்காவில் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஐந்து வருடம் என்றிருந்தாலும், தங்கும் நாளைச் சொல்வது இறங்கும்போது பதிவாகும் ஐ-94 தான். ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள். நோய், பேரிடர் போன்ற காரணம் இல்லாமல் நீட்டிப்பு கிடைக்காது. அங்கேயும் இதே குழப்பம்தான்: தாளில் இருக்கும் தேதி வேறு, தங்கும் நாள் வேறு.

இப்போது டைப்பிங் சென்டர்களின் வேலை குறைந்துவிட்டது. செயலியில் அவரவரே விண்ணப்பிக்கலாம். ஆனால் செயலி நேபாளியில் பேசுவதில்லை. எதற்கு நீட்டிக்கிறாய் என்று கேட்பதில்லை. அதனால் காத்மாண்டில் வெளிநாடு போகிறவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்துக்கும் தூதரகத்துக்கும் ஒரு யோசனை எழுதி அனுப்பியிருக்கிறேன். விசிட் விசாவில் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் திரிபுவனில் முத்திரை குத்தும்போதே உள்ளங்கை அளவு ஒரு தாள் கொடுங்கள். எந்த நாளில் இறங்குவார் என்பது டிக்கெட்டிலேயே இருக்கிறது. அதில் அவர் தங்கக்கூடிய கடைசி நாள், ஆங்கிலத்திலும் சம்வத்திலும். ஃபைல் நம்பர், அது எந்த அமீரகத்துடையது. நீட்டிக்க வேண்டுமானால் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே போக வேண்டும் என்ற குறிப்பு. அமைச்சக எண் இல்லாத ஆஃபர் லெட்டரை நம்பி நீட்டிக்காதே என்று ஒரு வரி. தூதரகத் தொலைபேசி. மாதிரித் தாளொன்றை அந்தத் தேநீர்க்காரத் தம்பியே நேபாளியில் எழுதிக் கொடுத்தான், அதையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தசைனுக்கு முன் மறுபடி எழுதுவேன்.